திரையில் இருந்தது, தேடலில் இல்லை: ஒரு திபெத்தியப் பதிப்பறையின் கணினிகளைச் சீரமைத்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கர்நாடகத்தில் குஷால்நகரை ஒட்டி இருக்கிறது பைலகுப்பே. 1960களின் தொடக்கத்தில் திபெத்திய அகதிகளுக்கு ஒதுக்கப்பட்ட இடம். காட்டைத் திருத்தி மக்காச்சோளம் விதைத்துப் பிழைப்பைத் தொடங்கினார்கள். இன்று அங்கே பெரிய மடங்களும் பள்ளிகளும் கடைத்தெருவும் இருக்கின்றன. மடம் என்று இருந்தால் அச்சு வேலையும் இருக்கும். பிரார்த்தனைத் தொகுப்பு, பாடநூல், விளக்கவுரை என்று வருடம் முழுக்க ஏதாவது ஒன்று தட்டச்சாகிக்கொண்டே இருக்கும். அந்த வட்டாரத்தில் உள்ள ஒரு சிறு பதிப்பறையில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இடத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் தேவையில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

பதிப்பாசிரியர் ஒரு மூத்த துறவி. அங்கே எல்லாரும் அவரை ஆசிரியருக்குரிய மரியாதையோடு கென்-லா என்றுதான் கூப்பிடுவார்கள். தட்டச்சு செய்பவர் குடியிருப்பிலேயே பிறந்து அங்கேயே பள்ளி முடித்த இளம்பெண். கணக்கும் நிர்வாகமும் பார்ப்பவர் இன்னொரு துறவி. நான் மைசூரில் கணினிப் பராமரிப்பு வேலை செய்பவன். எனக்குத் திபெத்தியம் படிக்கத் தெரியாது. இதை இங்கேயே சொல்லிவிடக் காரணம், நாங்கள் கடைசியில் கடைப்பிடித்த சோதனை முறையே இந்தக் குறையிலிருந்து பிறந்ததுதான்.

இருந்த கருவிகள்: விண்டோஸ் 10 போட்ட இரண்டு மேசைக் கணினிகள், விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடும் ஒரு பழைய பெட்டி, ஒரு லேசர் பிரின்டர். கேட்கப்பட்ட வேலை: புதுக் கணினிகளில் திபெத்தியம் தெரிய வேண்டும், அடிக்க முடிய வேண்டும், பல வருடங்களுக்கு முன் அச்சிட்ட ஒரு பிரார்த்தனைத் தொகுப்பை மறுபதிப்பாகக் கொண்டுவர வேண்டும். இந்த முறை கடைசியில் சொல்லடைவும், அதாவது சொற்களை அகரவரிசையில் தரும் பட்டியலும், வேண்டும் என்றார் கென்-லா.

முதலில் கண்டவை

அவர்கள் சொன்ன புகார் ஒரே வரிதான்: “ஃபான்ட் சரியில்லை.” உட்கார்ந்து பார்த்தபோது, அதற்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல கோளாறுகள் இருந்தன.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியீட்டு முறைதான் யூனிகோடு. வெளியிலிருந்து மின்னஞ்சலில் வந்த யூனிகோடு கோப்பை எக்ஸ்பியில் திறந்தால் வெறும் கட்டங்கள். யாரோ ஒரு யூனிகோடு எழுத்துருவை அதில் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். கட்டங்கள் போய் எழுத்துகள் வந்தன, ஆனால் அடுக்கு சேரவில்லை. கீழே உட்கார வேண்டிய எழுத்துகள் பக்கத்தில் புள்ளிவட்டத்தைச் சுமந்துகொண்டு நின்றன.

திபெத்தியத்தில் அடுக்குதான் உயிர்நாடி. மெய்யெழுத்துகள் முப்பது, உயிர்க்குறிகள் நான்கு. எண்ணிக்கை சின்னதுதான், ஆனால் ஒரு மெய்க்குக் கீழே இன்னொரு மெய், அதற்கும் கீழே இன்னொன்று, அதன் அடியில் உயிர்க்குறி என்று செங்குத்தாக இறங்கும். ‘ட்ரூப்’ போல ஒலிக்கும் ஒரு வினை வடிவத்தை எழுத்துக்கூட்டினால் ப, ச, க, ர, உ, ப, ச என்று ஏழு குறிகள் வரும். முதல் ப தனியாக நிற்கும். ச, க, ர மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, உகரம் அடியில் தொங்கும். பிறகு ப, ச. தமிழில் மெய்யைக் காட்ட எழுத்தின் மேல் புள்ளி வைப்பதுபோல் இங்கே எதுவும் இல்லை. யூனிகோடு, தலையெழுத்துகளுக்கு ஒரு தொகுதியும் கீழெழுத்துகளுக்குத் தனியாக இன்னொரு தொகுதியும் வைத்திருக்கிறது. இந்த ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. 1991இல் வந்த முதல் பதிப்பில் திபெத்தியம் வேறு முறையில் இருந்தது. அது சரிப்படவில்லை என்று 1993 பதிப்பில் எடுத்துவிட்டு, 1996இல் வந்த 2.0 பதிப்பில் இப்போதுள்ள முறையில் மறுபடி சேர்த்தார்கள். விண்டோஸ் திபெத்தியத்தைத் தானாக அடுக்கக் கற்றுக்கொண்டது எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவில்தான். எக்ஸ்பியோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

விண்டோஸ் 10 கணினிகளில் அதே கோப்பு சரியாகவே அடுக்கியது. அங்கே தொல்லை வேறு. கூடவே வரும் மைக்ரோசாஃப்ட் ஹிமாலயா எழுத்துரு, 12 பாயின்டில் வைத்தால் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். கென்-லா பூதக்கண்ணாடி வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். அளவைக் கூட்டினால் அடுக்குகளின் அடிப்பகுதி வெட்டுப்பட்டது. உகரமெல்லாம் போய்விட்டது. வேர்டில் யாரோ வரி இடைவெளியைத் துல்லியமாக இத்தனை பாயின்ட் என்று கட்டிப்போட்டிருந்ததுதான் காரணம். அதைத் தளர்த்தியதும் உகரங்கள் திரும்பி வந்தன.

பழைய நூல்

உண்மையான சிக்கல் பழைய நூலின் கோப்புகளில் இருந்தது. எக்ஸ்பியில் அவை கண்ணுக்கு அழகாகத் தெரிந்தன. ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றினேன். திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் நாணயக்குறிகளும். பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்டில் அடித்த கடிதத்தை அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்து தலையைச் சொறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அதே நோய்தான், ஒரு படி முற்றியது.

முற்றியது என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய முறை எழுத்துருக் கோப்பில் அதிகபட்சம் 256 இடங்கள்தான். தமிழுக்கு அது போதும். திபெத்தியத்தில் ஒவ்வொரு அடுக்கையும் தனி உருவமாக வரைந்து வைத்தால், மந்திரங்களில் வரும் சமஸ்கிருத அடுக்குகளையும் சேர்த்துப் பல நூறைத் தாண்டும். அதனால் அந்தக் காலத்தில் புழங்கிய திபெத்தன் மெஷின் வெப் போன்ற தொகுதிகள் ஒரே எழுத்துருவைப் பத்துக் கோப்புகளாகப் பிரித்து வைத்திருந்தன. ஒரு சொல்லின் முதல் எழுத்து ஒரு கோப்பிலிருந்தும் அடுத்த அடுக்கு இன்னொரு கோப்பிலிருந்தும் வரும். ஒரே எண் முதல் கோப்பில் ஓர் அடுக்கைக் குறிக்கும், நான்காவது கோப்பில் வேறோர் அடுக்கைக் குறிக்கும். எந்த எழுத்து எந்த ஃபான்டில் அடிக்கப்பட்டது என்ற விவரம் அழிந்துவிட்டால், அந்த உரையை யாராலும் மீட்க முடியாது.

எங்களுக்கு முன்னால் ஒருவர் உதவுவதாக நினைத்து நூலின் சில அத்தியாயங்களை வெறும் உரைக்கோப்பாகச் சேமித்து, பென் டிரைவில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதைத் தொடவே இல்லை. நல்லவேளையாக மூலக் கோப்புகள் எக்ஸ்பியில் அப்படியே இருந்தன.

இன்னொரு கோப்பு, வேறோர் அலுவலகத்திலிருந்து வந்தது, யூனிகோடுதான். பார்வைக்குக் குறையே இல்லை. ஆனால் வரிகள் கண்ட இடத்தில் உடைந்தன, தட்டச்சுப் பெண் ஒரு சொல்லைத் தேடினால் கண்ணெதிரே இருக்கும் சொல்லையே கணினி இல்லை என்றது. திபெத்தியத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவதில்லை. அசைக்கு அசை ட்செக் என்ற சிறு புள்ளி வரும், வரி முறிவதும் அந்தப் புள்ளிக்குப் பின்னால்தான். யூனிகோடில் இந்தப் புள்ளி இரண்டு வகை: சாதாரணமானது ஒன்று, வரி முறியாதது ஒன்று. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இரண்டாவது வகைக்கு உண்டான இடம் மிகக் குறுகியது. வாக்கியம் ‘ங’ என்ற எழுத்தில் முடிந்தால், அதற்கும் ஷே என்ற முற்றுக்கோட்டுக்கும் நடுவே ஒரு புள்ளி வைப்பார்கள். அந்த இடத்தில் வரி உடைந்து கோடு மட்டும் அடுத்த வரிக்குப் போய்விடக் கூடாது, அதற்காகத்தான் அது. இந்தக் கோப்பிலோ எல்லாப் புள்ளிகளும் முறியாத வகை. வேர்டில் புள்ளிக்குப் பக்கத்தில் சுட்டியை வைத்து ஆல்ட், எக்ஸ் அழுத்தியதும் குறியெண் தெரிந்தது: 0எஃப்0பி வர வேண்டிய இடத்தில் 0எஃப்0சி.

இந்தக் கட்டத்தில்தான் சோதனை முறை முடிவானது. கென்-லா படித்துப் பார்த்துச் சரி என்றால், வடிவம் சரி என்று அர்த்தம். உள்ளே இருக்கும் எழுத்து சரியா என்பதை அவர் கண்ணாலும் சொல்ல முடியாது, எனக்கோ வடிவத்தைக்கூடப் படிக்கத் தெரியாது. ஆகவே இரண்டு கேள்விகள் வைத்துக்கொண்டோம். நோட்பேடில் ஒட்டினால் திபெத்தியமாகவே நிற்கிறதா? கையால் அடித்துத் தேடினால் கிடைக்கிறதா? சொல்லடைவு வேண்டும் என்று அவர் கேட்டிராவிட்டால் இந்த இரண்டாவது கேள்வி யாருக்கும் தோன்றியிருக்காது என்பது என் எண்ணம்.

எடுத்த முடிவுகள்

எக்ஸ்பி கணினியை நெட்வொர்க்கிலிருந்து கழற்றினோம். பழைய கோப்புகளைத் திறந்து பார்க்க மட்டும் அது. தூக்கிப் போடலாம் என்று நிர்வாகத் துறவி சொன்னார். பழைய எழுத்துருக்கள் சரியாக வேலை செய்யும் ஒரே இடம் அது என்பதால் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

புதுக் கணினிகளில் அமைப்புகளுக்குப் போய் நேரம், மொழி பகுதியில் திபெத்தியத்தைச் சேர்த்தோம். இது சில நிமிட வேலை. எழுத்துருவுக்கு மூன்றை அச்செடுத்து கென்-லா முன் வைத்தோம்: நோட்டோ செரிஃப் திபெத்தன், பூட்டானியக் கையெழுத்துப் பாணியில் அமைந்த ஜொமொல்ஹாரி, மொன்லம் தொகுதியில் ஒரு உச்சென் (அச்சு நூல்களில் வழங்கும் எழுத்து) வடிவம். அவர் மொன்லத்தை எடுத்தார். மடங்களில் கண்ணுக்குப் பழகிய வடிவம் அது, அதற்குமேல் வாதம் இல்லை. மந்திரப் பக்கங்களில் ஆழமான அடுக்குகள் வரும் இடங்களை மட்டும் ஜொமொல்ஹாரியிலும் ஒருமுறை அச்செடுத்து ஒப்பிடுவது என்று வைத்துக்கொண்டோம்.

பக்க வடிவமைப்புக்கு லிப்ரேஆஃபீஸ் என்ற இலவச மென்பொருள். காசு ஒரு காரணம். 5.3 பதிப்பிலிருந்து அது எல்லா இயங்குதளங்களிலும் ஹார்ஃபஸ் என்ற ஒரே எழுத்தடுக்கு நிரலைப் பயன்படுத்துகிறது என்பது இன்னொன்று. ஒரு கணினியில் தெரிவது மற்றதிலும் அப்படியே தெரியும். புதிதாக வருபவர்கள் இதில் ஓரிடத்தில் முட்டிக்கொள்வார்கள். எழுத்துருவை மாற்றுவார்கள், திபெத்தியம் அசையாது. லிப்ரேஆஃபீஸ் திபெத்தியத்தைச் சிக்கல் உரைத் தளவமைப்பு என்ற தனி வகையில் வைக்கிறது. மொழி அமைப்புகளில் அதை முதலில் இயக்க வேண்டும், பிறகு பாணிகளில் அந்த வகைக்கான எழுத்துருவையும் அளவையும் தனியாகக் கொடுக்க வேண்டும். மேற்கத்திய எழுத்துருவை எவ்வளவு மாற்றினாலும் திபெத்தியத்துக்கு அது செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

விசைப்பலகையில்தான் உண்மையான விவாதம் நடந்தது. நிர்வாகத் துறவிக்கு எல்லாரும் ஒரே முறையில் அடிக்க வேண்டும் என்று ஆசை. பெண்ணுக்கு வைலி முறை வேண்டும். டரல் வைலி 1959இல் முன்வைத்த ரோமன் எழுத்துமுறையிலிருந்து வளர்ந்தது அது; ஆங்கில எழுத்தில் அடித்தால் அடுக்கு தானாக உருவாகும். கீமேன் என்ற தட்டச்சு மென்பொருளில் அதற்கான விசைப்பலகை இலவசமாகக் கிடைக்கிறது. கென்-லாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. தன் எழுத்தை இன்னோர் எழுத்தின் வழியாக ஏன் யோசிக்க வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு விண்டோஸோடு வரும் திபெத்திய விசைப்பலகை ஒத்துவந்தது. அதில் எம் விசையை அழுத்திவிட்டு ஓர் எழுத்தை அடித்தால் அது கீழெழுத்தாக இறங்கும். விசைகளின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டிக் கொடுத்தோம்.

இருவருக்கும் இருவேறு முறை என்றே முடிவு செய்தோம். உள்ளே சேமிப்பாவது ஒரே யூனிகோடாக இருந்தால் யார் எப்படி அடித்தால் என்ன? அதை நம்பிவிடாமல், ஒரே சொல்பட்டியலை இருவரையும் அடிக்கச் சொல்லி, ஒருவர் அடித்ததை மற்றவர் கோப்பில் தேடினோம். இரண்டு இடங்களில் பிசகியது.

ஒன்று, யாக் மாட்டின் பெயர். அதில் க முன்னெழுத்தாகத் தனியே நிற்க வேண்டும், ய தான் மூல எழுத்து, அதாவது அசைக்கு அடிப்படையான எழுத்து. வைலியில் ஜி, ஒய் என்று தொடர்ந்து அடித்தால் ய அந்த க-வுக்குக் கீழே போய் ஒட்டிக்கொண்டு வேறு அசை ஆகிவிடும். இடையில் ஒரு முற்றுப்புள்ளி அடிக்க வேண்டும். பெண்ணுக்கு விதி தெரியும். வேகத்தில் புள்ளி விட்டுப்போகும், அவ்வளவுதான்.

இன்னொன்று ஹூம். அந்த எழுத்தில் ஹ-வுக்குக் கீழே நெடில் குறி, அதற்கும் கீழே உகரம், தலைக்கு மேலே பிறையும் புள்ளியும். அடிக்க வேண்டிய வரிசையும் அதுவேதான். கென்-லா சில இடங்களில் உகரத்தை முதலில் அடித்திருந்தார். நாங்கள் வைத்திருந்த எழுத்துருவில் வித்தியாசம் தெரியவில்லை, தேடலில் தெரிந்தது. இதற்காக அடிக்கடி வரும் மந்திர அசைகளை ஒரு தாளாகச் சரிபார்த்து வைத்து, அவற்றைத் திரும்ப அடிக்காமல் அங்கிருந்து நகலெடுத்து ஒட்டுவது என்று ஏற்பாடு செய்தோம்.

பழைய நூலை மறுபடி முழுக்க அடிப்பதா, மாற்றிநிரல் கொண்டு மாற்றுவதா என்பதில் மாற்றுவதையே தேர்ந்தோம். எக்ஸ்பியில் ஒவ்வொரு கோப்பையும் ஆர்டிஎஃப் வடிவில் சேமித்தோம். ஃபான்ட் விவரம் அதில் தங்கும். மூலத்தை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்திவிட்டு, மந்திரம் நிறைந்த சில பக்கங்களை முதலில் மாற்றிப் பார்த்தோம். எளிய பக்கத்தில் தேறும் மாற்றிநிரல் மந்திரப் பக்கத்தில் தேறாமல் போகலாம், அதனால்தான் கடினமானதிலிருந்து தொடங்கினோம்.

அப்புறம் நடந்தது

உரையில் பெரும்பகுதி ஒழுங்காக மாறியது. சில சமஸ்கிருத அடுக்குகளை மாற்றிநிரல் அறியாமல் அடையாளமிட்டு விட்டுவிட்டது. அது நல்ல குணம். தெரியாததை ஊகித்து நிரப்பியிருந்தால் கண்டுபிடிக்கவே முடியாது. அந்த இடங்களை கென்-லா பழைய அச்சுப் பிரதியைப் பார்த்து நிரப்பினார்.

எதிர்பாராத தொல்லை ஒன்று புள்ளி வரிசையாக வந்தது. பழைய ஏடுகளில், ஓலைபோல் நீளமான பெச்சா தாள்களில், வரியின் கடைசியில் இடம் மிச்சமிருந்தால் ட்செக் புள்ளிகளை வரிசையாக வைத்து ஓரத்தை நேராக்குவது வழக்கம். பழைய நூலை அடித்தவர்களும் அதே வழக்கப்படி புள்ளி நிரப்பி, வரிக்கு வரி என்டர் தட்டியிருந்தார்கள். யூனிகோடுக்கு மாறியபோது அவையும் கூடவே வந்துவிட்டன. பக்க அளவு மாறியதும் வரியின் நடுவில் புள்ளிக் கூட்டங்கள். தேடலும் அந்த இடங்களில் எல்லாம் தோற்றது. லிப்ரேஆஃபீஸில் சுருங்குறித் தேடல் (ஒரு சொல்லுக்குப் பதில் ஓர் அமைப்பைத் தேடும் முறை) கொண்டு, அடுத்தடுத்து வரும் புள்ளிகளை ஒற்றைப் புள்ளியாக்கி, தேவையற்ற வரிமுறிவுகளையும் நீக்கினோம்.

கென்-லாவுக்கு இதில் வருத்தம். ஓரம் நேராக இல்லாத பக்கம் அவருக்கு முடிக்காத வேலையாகத் தெரிந்தது. கடைசியில் இரண்டு கோப்புகள் வைத்துக்கொண்டோம். மூலக் கோப்பில் நிரப்புப் புள்ளி கிடையாது, எல்லாத் திருத்தமும் தேடலும் அதில்தான். அச்சுக்குப் போகும் நாளில் அதிலிருந்து ஒரு நகல் எடுத்து, அவர் விரும்பிய சில பக்கங்களில் மட்டும் புள்ளி நிரப்பினார்கள். அந்த நகலுக்கு அச்சகத்தைத் தவிர வேறு எங்கும் வேலையில்லை.

சொல்லடைவில் இன்னொரு பாடம் காத்திருந்தது. விரிதாளில் போட்டு அகரவரிசைப்படுத்தினால் முதலில் கண்ட எழுத்துப்படி அடுக்கிவிடுகிறது. திபெத்திய அகராதியில் சொல் எங்கே வரும் என்பதை மூல எழுத்துதான் தீர்மானிக்கும். மேலே சொன்ன ‘ட்ரூப்’ ப-வில் தொடங்கினாலும் அகராதியில் க-வின் கீழ்தான் இருக்கும். பெண் ஒரு யோசனை சொன்னார்: பக்கத்தில் ஒரு நெடுவரிசை சேர்த்து அதில் மூல எழுத்தை மட்டும் அடித்து, முதலில் அதன்படி வரிசைப்படுத்தலாம். அப்படியே செய்தோம். ஒவ்வொரு மூல எழுத்தின் கீழும் உள்வரிசையை கென்-லா கையால் திருத்தினார். நூல் அச்சாகி வந்தது, சொல்லடைவோடு.

மாற்றிச் செய்யக்கூடியவை

அடுத்த முறை எழுத்துருத் தேர்வைக் கடைசியில் வைப்பேன். முதல் நாளே ஃபான்ட் மாதிரிகளை அச்செடுத்துக் காட்டியதில் எல்லார் கவனமும் வடிவத்தின் மேல் போய்விட்டது. குறியெண் பற்றிய பேச்சு பின்னால் தள்ளப்பட்டது. பழைய கோப்புகளில் எந்தெந்த ஃபான்ட் பெயர்கள் இருக்கின்றன என்ற பட்டியலைத் தொடக்கத்திலேயே எடுத்திருந்தால், எந்த மாற்றிநிரல் பொருந்தும் என்பதும் சீக்கிரம் தெரிந்திருக்கும். வெளியிலிருந்து வரும் யூனிகோடு கோப்புகளை அப்படியே உள்ளே விடாமல், புள்ளி வகையைச் சோதித்து, ‘ங’ முடிவுகளைத் தவிர மற்றதையெல்லாம் சாதாரணப் புள்ளியாக மாற்றிய பிறகே சேர்ப்பது என்பதை இப்போது தட்டச்சுப் பெண் வழக்கமாக்கிவிட்டார்.

பதிப்பறை அடுத்து எடுக்கப்போவது ஒரு விளக்கவுரை. அதுவும் எக்ஸ்பி பெட்டியில்தான் இருக்கிறது. ஃபான்ட் பட்டியலைத் தட்டச்சுப் பெண் ஏற்கெனவே எடுத்துவிட்டார். வழக்கமான பத்துப் பெயர்களோடு, அந்தத் தொகுதியைச் சேராத பதினோராவது பெயர் ஒன்றும் அதில் இருக்கிறது. அந்த ஃபான்ட் கோப்பு எக்ஸ்பியில் இல்லை. அந்தக் காலத்தில் அங்கே தட்டச்சு செய்தவர் இப்போது முண்ட்கோட் பக்கம் ஒரு மடத்தில் இருப்பதாகச் சொன்னார்கள், கேட்டு எழுதியிருக்கிறார்கள்.